உளுந்து வயலில் ரோஸ் பவுடர் மைனா

எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு கல்யாண முருங்கை நிற்கிறது. மாசி பிறந்தால் போதும், இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூத்துத் தள்ளும். அந்தப் பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தது ஒரு பறவை. தலை, இறக்கை, வால் எல்லாம் கறுப்பு. முதுகும் வயிறும் இளஞ்சிவப்பு. "இது என்ன பறவை? யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்" என்று இரண்டாவது மாடிக்காரர் கேட்டிருந்தார். பதில்கள் குவிந்தன. மைனா எங்கேயோ பெயிண்ட் டப்பாவில் விழுந்து எழுந்திருக்கிறது என்றார் ஒருவர். சாயம் பூசி விற்கிற கோழிக்குஞ்சு தப்பித்து வளர்ந்துவிட்டது என்றார் இன்னொருவர். கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி, "அங்கிள், இது ஏஐ படம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக் கதவில் கால்நடை மருத்துவர் என்று பலகை தொங்குகிறது. ஒரு பறவைக்குப் பெயர் சொன்னேனென்றால், மறுநாளே அடுக்ககத்து லவ்பேர்ட்ஸ் கூண்டுகள் அத்தனையும் என் வாசலில் வந்து வரிசை கட்டும். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் காப்பி ஆறிப்போனது. கோழியை விட்டுவிட்டால், என் உத்தியோகத்தில் நான் முதன்முதலாக வைத்தியம் பார்த்த பறவை இதுதான்.

எனக்கு முதல் வேலை ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் கிடைத்தது. பசுவுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து, எப்போதாவது கன்று மாறிக்கிடக்கும் ஒரு பிரசவம். இவ்வளவுதான். சைக்கிள் மாதிரி இருக்கும் மொபெட் ஒன்றில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் போவதைப் பார்த்து, ஐஸ்காரர் வந்துவிட்டார் என்று பிள்ளைகள் ஓடிவந்து ஏமாந்த கதையெல்லாம் உண்டு. தங்குவதற்கு இடம் தேடியபோது, அதே ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்த ஜெசிந்தா, தன் வாடகை வீட்டில் பாதியைக் கொடுத்தாள். கும்பகோணம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். என் வயதுதான், என்னைப் போலவே கல்யாணமாகாத பெண். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டாக்டரே" என்பாள். அதில் மரியாதை கொஞ்சம், கிண்டல் நிறைய.

எங்களுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. டிவி இல்லை, அவ்வளவுதான். மாசி மாதம் அறுப்பெல்லாம் முடிந்திருக்கும். விடிந்ததும் வாய்க்கால் கரையோடு ஒரு நடை போவோம். நெல்தாள் மட்டும் நிற்கும் வயல்களில் பனி படர்ந்திருக்கும். வைக்கோல் வாசனையும் ஈரச் சேற்று வாசனையும் கலந்து வரும். சேற்றில் நத்தைகுத்தி நாரை நின்று நத்தையை உடைக்கும். மின்கம்பியில் பஞ்சுருட்டான் உட்கார்ந்து ஒரு பூச்சியைப் பிடித்துக் கம்பியிலேயே அடித்துத் தின்னும். இந்தப் பெயர்களெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கல்லூரியில் பறவை என்றால் கோழி, இன்னும் கொஞ்சம் படித்தால் வாத்து, பரீட்சைக்கு முதல் நாள் வான்கோழி. அதனால் ஜெசிந்தாதான் பெயர் வைப்பாள். வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிற சின்னக் குருவிக்கு "இன்ஸ்பெக்ஷன் ஆபீஸர்" என்று பெயர். வளைந்த மூக்கோடு சேற்றைக் கிளறும் கறுத்த பறவை "பல் டாக்டர்".

அப்படி ஒரு நாள் ஜமால் பாயின் உளுந்து வயலுக்கு மேலே ஒரு கூட்டம் வந்து இறங்கியது. நெல் அறுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்த பிறகு தாளுக்கு நடுவில் அது தானாகப் படர்ந்து வரும். அந்தப் பச்சையின் மேல் நூற்றுக்கணக்கில் பறவைகள் போர்வையை உதறியதுபோல் விழுந்தன. ஒரே கலகலப்பு. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரே நேரத்தில் எல்லோரும் பேசுவது மாதிரி. முன்னால் இறங்கிய வரிசை புழுவைப் பொறுக்க, பின்வரிசை அதன் தலைக்கு மேலே தாண்டிப் போய் முன்னால் உட்காரும். அப்படியே வயலை உருட்டிக்கொண்டு போயின.

"டாக்டரே, மைனா ரோஸ் பவுடர் போட்டிருக்கு பாரேன்" என்றாள் ஜெசிந்தா. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

வரப்பில் உட்கார்ந்திருந்த ஜமால் பாய் எழுந்து வந்தார். நெடுங்காலம் சவுதியில் லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். விவசாயத்தில் புது ஆள். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க மாட்டார். பசு ஏன் அசைபோடுகிறது என்று ஒரு முறை என்னிடம் மணிக்கணக்காகக் கேட்டிருக்கிறார். கழுத்தில் எப்போதும் ஒரு பைனாகுலர் தொங்கும். சவுதியில் வாங்கி வந்தது. கழற்றி எங்களிடம் கொடுத்தார்.

"நர்ஸம்மா, பாத்துட்டுச் சொல்லுங்க. இது நம்ம ஊர் பட்சி இல்லதானே?"

"இல்ல பாய். நான் பாத்ததே இல்ல."

"எங்கேருந்து வருது, எங்க போவுதுன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

தெரியாது. மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தோம். அவர் மட்டும் விடவில்லை. இவ்வளவு தூரம் பறந்து வருகிறதே, வழி எப்படித் தெரியும், தூங்குவது எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு விடை எதுவும் தெரியாவிட்டாலும் அந்தக் கேள்விகளைக் கேட்கப் பிடித்திருந்தது.

அதே வாரம் ஊருக்கு வாத்துகள் வந்தன. அஞ்சலை என்ற பெண்ணும் அவள் கணவன் கோவிந்தனும் திண்டிவனம் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் வாத்து மந்தையோடு வருவார்கள். அறுத்த வயலில் சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்குத் தீனி. வயலுக்கு வாத்தின் எச்சம் எரு. பொழுது சாய்ந்தால் வாய்க்கால் மேட்டில் வலையைச் சுற்றிக் கட்டிப் பட்டி போடுவார்கள். காலையில் பட்டிக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டை கிடக்கும். வாத்துப் பட்டிக்கு ஒரு வாசனை உண்டு. ஊறிய கோணியும் பாசியும் சேர்ந்தது மாதிரி இருக்கும். முதலில் மூக்கைப் பிடித்துக்கொள்வோம், ரெண்டு நாளில் பழகிவிடும். அஞ்சலையிடம் முட்டை வாங்கி ஜெசிந்தா மிளகு போட்டு ஒரு ஆம்லெட் ஊற்றுவாள். அந்த மஞ்சளைப் போல ஒரு மஞ்சளை நான் வேறு எந்த முட்டையிலும் பார்த்ததில்லை.

ஒரு காலை ஜமால் பாய் மருந்தகத்துக்கு ஒரு சாக்கோடு வந்தார். மேஜை மேல் கொட்டவில்லை, மெதுவாக வாயைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ரோஸ் பவுடர் மைனாக்கள். ஒன்றும் அசையவில்லை.

"வயல்ல கெடந்துச்சு மேடம். இன்னும் நெறைய கெடக்கு. வியாதியா?"

சாக்கை உடனே மூடிக் கட்டச் சொன்னேன். ஏனென்றால் அந்தச் சமயத்தில் வேறு மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் வந்து கோழிகளைக் குழி தோண்டிப் புதைக்கிற காட்சியைத் தினமும் டீக்கடை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரிக்குப் போன் போட்டேன். சாம்பிள் எடுத்து அனுப்பு, முடிவு வரும் வரை ஊரில் எந்தக் கோழியும் வாத்தும் இடம் மாறக் கூடாது என்றார். சரி சார் என்று வைத்துவிட்டேன். படித்தது அத்தனையும் மறந்துபோன மாதிரி இருந்தது.

சாக்கு வந்த வேகத்தைவிடச் செய்தி வேகமாகப் போனது. மதியத்துக்குள் டீக்கடையில் கூட்டம். எல்லோருடைய கண்ணும் வாத்துப் பட்டி மேல்தான். வெளியூர்க்காரர்கள், நாலு ஊர் சுற்றி வந்தவர்கள், வந்த வாரமே பறவை சாகிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வீடு கோழி, வீட்டுக்கு வீடு சின்னப் பிள்ளை. பயம் நியாயமானது. நாளைக் காலைக்குள் பட்டியை அழிக்கணும், இல்லாவிட்டால் நாங்களே குழி வெட்டுவோம் என்று இரண்டு பேர் என்னிடம் வந்து சொன்னார்கள்.

நான் பட்டிக்குப் போனபோது அஞ்சலை வலைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். மேய விடாததால் வாத்துகள் போட்ட கூச்சலில் அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. கிட்டே போனேன்.

"இன்னாம்மா பண்றது? ஒரு நாள் பட்டினி போட்டா முட்டை நின்னுடும். வேற ஊருக்கு ஓட்டிக்கினு போலாம்னா அதுவும் கூடாதுன்றீங்க. கடன ஒடன வாங்கிப் புடிச்ச குஞ்சும்மா இதுங்க."

ஒவ்வொரு வாத்தாகப் பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது. மூக்கில் ஒழுகல் இல்லை. நடை தள்ளாடவில்லை. இவ்வளவு ஆரோக்கியமான மந்தை எப்படி மைனாவுக்கு நோய் கொடுத்திருக்கும்? கேள்வி வந்துவிட்டது. பயம் கொஞ்சம் விலகி நின்றது. மைனா எங்கே மேய்ந்தது, வாத்து எங்கே மேய்ந்தது? கோவிந்தனைக் கேட்டேன். உளுந்து போட்ட வயலில் வாத்தை விட்டால் செடியை மிதித்துவிடும் என்பதால் ஜமால் பாய் வயல் பக்கமே அவர்கள் போகவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு உளுந்து வயலுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து முகமூடியும் கையுறையும் கொண்டுவந்திருந்தாள். வரப்போரம் ஒரு மைனா இன்னும் உயிரோடு இருந்தது. இறக்கையை விரித்துப் போட்டு, வாயில் நுரைபோல் எச்சில் வழிய, உடம்பு வெடவெடவென்று ஆடியது. தூக்கிக் கையில் வைத்தேன். கனமே இல்லை. அதன் அலகில் பாதி விழுங்கிய ஒரு பச்சைப்புழு. ஜெசிந்தா குனிந்து பார்த்தவள் முகமூடியைக் கீழே இறக்கி மோந்தாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன்.

"டாக்டரே, இந்த வாசனை எனக்குத் தெரியும். பூண்டு அழுகின மாதிரி இல்ல? மருந்து குடிச்சுட்டு வர்றாங்கள்ல, அவங்க வாயில வர்ற வாசனை. கண்ணப் பாரு. கண்ணு பாப்பா குண்டூசி மொனை மாதிரி சுருங்கி இருக்கு பாரு."

பூச்சி மருந்து. பயிருக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்களை முதலில் கொண்டுவருவது அவள் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான். அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? எனக்கும் பாடமெல்லாம் அப்போது ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. எச்சில், நடுக்கம், சுருங்கிய கண். அதற்கு முறிமருந்து அட்ரோபின், என் பெட்டியிலேயே இருந்தது. மருந்து குடித்த மனுஷருக்குப் போடுகிற அதே ஊசி. விஷம் என்றால் அந்த ஊசியில் பறவை தேறும். நோய் என்றால் தேறாது.

ஆனால் எவ்வளவு போடுவது? மாட்டுக்குக் கணக்குத் தெரியும். மனுஷருக்கு அவளுக்குத் தெரியும். ஒரு எலுமிச்சம்பழ எடைகூட இருக்குமா என்று சந்தேகமான இந்தப் பறவைக்கு? வரப்பில் உட்கார்ந்து உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டோம். ஒரு சொட்டுக்கும் குறைவாக வந்தது. அவள் சர்க்கரை நோயாளிகளுக்குப் போடும் ஒல்லி ஊசியை எடுத்துக் கொடுத்தாள். நெஞ்சுத் தசையில் போட்டேன். இதைவிடப் பயந்துகொண்டு நான் எதற்கும் ஊசி போட்டதில்லை, முட்டவருகிற காளைக்குக்கூட.

அட்டைப் பெட்டியில் பழைய துணி போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனோம். கொஞ்ச நேரத்தில் நுரை நின்றது. இருட்டுவதற்குள் நடுக்கம் குறைந்தது. இன்னொரு சொட்டு கொடுத்தேன். விடிந்ததும் பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு வசவு கேட்டது. திறந்தால், ரோஸ் பவுடர் நிமிர்ந்து நின்று எங்களை ஏறிட்டுப் பார்த்தது. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன் என்று இன்றுவரை சொல்கிறாள். பனிக்காலம், சளி என்று நானும் இன்றுவரை சொல்கிறேன்.

நேரே ஜமால் பாய் வீட்டுக்குப் போனேன். உளுந்துக்கு மருந்து அடித்தீர்களா என்று கேட்டேன்.

"ஆமா மேடம். பச்சைப்புழு காயெல்லாம் தொளைச்சுப் போட்டுச்சு. கடைக்காரர் சொன்னாரு, அடிச்சேன்." சொல்லிவிட்டு வாசல் மூலையில் இருந்த மருந்துத் தெளிப்பானைத் திரும்பிப் பார்த்தார். "புழுவ இதுங்க தின்னுச்சு. அதானே?"

தலையாட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். நான் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். டீக்கடையில் நேற்று வந்த அதே ஆட்கள், ஒருவர் தோளில் மண்வெட்டியோடு. ஜமால் பாய் நடுவில் போய் நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"வாத்துமேல ஒண்ணும் இல்லப்பா. என் வயல்ல நான் அடிச்ச மருந்து. அதத் தின்னுதான் செத்துருக்கு. பட்டிய யாரும் தொடாதீங்க. யாரையாவது கேக்கணும்னா என்னைக் கேளுங்க."

மண்வெட்டி தோளிலிருந்து கீழே இறங்கியது. பிறகு மண்வெட்டிக்காரர் கேட்டார், "அப்ப உங்க உளுந்த யாரு பாய் வாங்குவா?"

"வாங்க வேணாம். நானும் விக்க மாட்டேன்."

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஊரே மருந்து அடிக்கிறது. எந்த வயல் மருந்து என்று யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? முடிவு வரும்வரை காத்திருந்தால் நோய் இல்லை, விஷம் என்று ஆய்வகமே பொதுவாகச் சொல்லியிருக்கும். அதற்குள் குழி வெட்டியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

சாம்பிளை அனுப்பினேன். முடிவு வரும் வரை பட்டி நகரக் கூடாது என்ற உத்தரவு அப்படியே இருந்தது. அத்தனை நாளும் ஜமால் பாய் வீட்டிலிருந்து நெல் மூட்டை பட்டிக்குப் போனது. நோய் இல்லை என்று தகவல் வந்த அன்று அஞ்சலை வலையை அவிழ்த்தாள். வாத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வாய்க்காலுக்குள் குதித்த சத்தத்தைக் கேட்டு டீக்கடைக்காரரே சிரித்துவிட்டார். அந்த உளுந்தை ஜமால் பாய் பறிக்காமல் மடக்கி உழுதார். அடுத்த வருஷம் மருந்து அடிப்பதற்கு முன் என்னிடம் வந்து, "பட்சி வரட்டும் மேடம், புழு எவ்வளவு தின்னுதுன்னு பாப்போம்" என்றார். பார்த்தோம். நிறையத் தின்றன. எல்லாவற்றையும் தின்றன என்று சொன்னால் பொய்.

எங்கள் மைனாவை நாங்கள் நாலைந்து நாள் வைத்திருந்து பிறகு பறக்க விட்டோம். வாழைப்பழமும் வெட்டுக்கிளியும் கொடுத்தோம். வெட்டுக்கிளி பிடிக்கிற வேலை என்னுடையது. அரசாங்க டாக்டர் வயலில் துண்டை வீசி வெட்டுக்கிளி பிடிப்பதைப் பார்த்தவர்கள் பேசாமல் போனார்கள். மூன்று பேரும் வாய்க்கால் மேட்டில் நின்று பெட்டியைத் திறந்தோம். நன்றியெல்லாம் காட்டவில்லை. ஒரு முறை கொத்திவிட்டுப் பறந்தது. கூட்டம் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. அது தனியாக எப்படிக் கண்டுபிடிக்கும் என்று ஜமால் பாய் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. அவை சித்திரைக்குள் இமயத்தையும் தாண்டி மத்திய ஆசியாவின் புல்வெளிகளுக்குப் போய்க் கல்லிடுக்கில் கூடு கட்டுகின்றன என்று பின்னாளில் படித்தேன். ஒற்றைப் பறவை கூட்டத்தை எப்படிப் போய்ச் சேரும் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு மாற்றல் வந்தது. ஜெசிந்தா கல்யாணமாகி அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே வசந்த காலத்தில் பறவைகள் திரும்பி வரும்போது படம் பிடித்து அனுப்பி, தானே பெயரும் வைத்துவிடுவாள். ஜமால் பாய் கொரோனா வருஷத்தில் இறந்துபோனார். தகவல் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அஞ்சலை சில வருஷங்கள் வந்தாள், பிறகு வரவில்லை என்றார்கள். அறுப்பு மெஷின் வந்த பிறகு வைக்கோலை உருளையாகச் சுருட்டி உடனே லாரியில் ஏற்றி விடுகிறார்கள். உடனே அடுத்த உழவும் ஓட்டுவதால், வாத்து மேய வயல் காலியாகக் கிடக்கிற நாட்கள் குறைந்துபோயினவாம்.

போன தை மாதம் மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அந்த ஊரில் காரை நிறுத்தச் சொன்னேன். புதுச் சாலை அகலமாகப் போகிறது. இரண்டு பக்கமும் மண் கொட்டி மேடாக்கி, மஞ்சள் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர், மனை பார்க்க வந்ததாக நினைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"எந்தப் பக்கம் பாக்குறீங்க மேடம்? கிழக்குப் பாத்ததா?"

"மனை இல்லைங்க. இங்க ஒரு வயல் இருந்துச்சு. ஜமால் பாய்ன்னு ஒருத்தர் வயல். எங்கன்னு தெரியுமா?"

"நான் வந்து ரெண்டு வருஷம்தாங்க ஆவுது. அடையாளம் சொல்லுங்க, பாப்போம்."

கையை நீட்டினேன். வாய்க்காலுக்குத் தெற்கே, இரண்டாவது மடை தாண்டி, பெரிய வரப்பை ஒட்டி. இப்படித்தான் அந்த ஊரில் எதற்கும் அடையாளம் சொல்வோம். வாய்க்கால் இல்லை, மடை இல்லை, வரப்பும் இல்லை. நீட்டிய கையை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அவரும் மரியாதைக்காக என் விரல் போன திசையையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.